மூக்கில் அந்தோனியார்

என் புருஷன் இன்னாசித்தம்பிக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கைகள் பேசத் தொடங்கிவிடும். கறியில் உப்புக் கூடினாலும் சரி, மகள் பிறேமா பிந்தி வந்தாலும் சரி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே எறிந்து, கூட்டத்தில் பேசுகிறவர் போலத்தான் ஏசுவார். ஜேர்மனியில் இந்த வுப்பர்டாலுக்கு வந்த நாள் முதல் அந்தக் கைகளோடு மல்லுக்கட்டியே எனக்கு வயது போனது.

போன மாசியில் பாரிசவாதம் வந்து அவருடைய இடது கை பலம் குறைந்துவிட்டது. அசைக்க அசைக்கத்தான் தேறும் என்று டாக்டர் சொன்னார். இவரோ அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் செருகினவர்தான், வெளியே எடுக்கவில்லை. அமத்திப் பழகத் தந்த ரப்பர் பந்து சோபாவுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. கையோடு ஏச்சும் போய்விட்டது. ஒருநாள் வேண்டுமென்றே கறிக்கு இரண்டு மடங்கு உப்பைக் கொட்டிப் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்தார். பிரஷர்காரனுக்கு உப்பைக் கொடுத்த பாவம் வேறு. அன்று குசினிக்குள் நின்று நன்றாக அழுதேன்.

ஹனோவரில் இருக்கும் பிறேமாதான் அவருடைய பிறந்தநாளுக்கு அந்த விளையாட்டு விமானத்தை அனுப்பினாள். மீன்பெட்டி செய்கிற ரெஜிபோமில் செய்தது, பாரமே இல்லை. றிமோட்டில் இரண்டு குச்சிகள். வலது குச்சி திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும். இடது குச்சி மோட்டரைக் கூட்டிக் குறைப்பதற்கு.

"அதை ஒரு கையாலை ஓட்ட ஏலாது அம்மா," என்றாள் போனில். "அதுக்காகத்தான் வாங்கினனான்."

என் வயிற்றில் பிறந்தவள் என்று அப்போது ஒத்துக்கொண்டேன்.

இவர் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்கனியில் நின்றபடி மேலே போகிற ஒவ்வொரு விமானமும் எந்தக் கொம்பனியுடையது என்று சொல்லுகிற மனிதருக்கு ஆசை இல்லாமல் இருக்குமா? எனக்குத்தான் பயம். முதல் நாளே அது விழுந்து நொறுங்கினால், அல்லது காட்டுக்குள் தொலைந்துபோனால், மனிதர் மறுபடி சோபாவில் ஏறிவிடுவார், பிறகு யாராலும் இறக்க முடியாது. அதனால் புறப்படுமுன் என் அலுமாரியில் இருந்த பெருவிரல் அளவு ஈயச் சுரூபத்தை, அந்தோனியாரை, விமானத்தின் வாலுக்கு அடியில் வைத்து வெள்ளை ஒட்டுநாடாவால் சுற்றிவிட்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அல்லவா. வாலுக்கு அடியில் இருந்தால் இவர் கண்ணில் படமாட்டார் என்பதும் ஒரு வசதி.

சனிக்கிழமை காலை, மேட்டில் இருக்கும், இப்படியான விமானங்கள் பறக்கவிடுகிற கிளப்பின் புல்வெளிக்குப் போனோம். மத்தியானம் அக்கம்பக்கத்தாருக்கு ஓய்வு நேரம், மோட்டர் சத்தம் கூடாது, அதற்குள் பறந்து முடிக்க வேண்டும். பழக்கிவிட வந்த யூலியா பிறேமாவைவிட இளையவள். அவள் கையிலும் ஒரு றிமோட் இருந்தது. அவள் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் இவருடையது. இவர் தடுமாறினால் அவள் பொத்தானை விடுவாள், விமானம் அவளுடையதாகிவிடும். நல்ல ஏற்பாடு. கலியாணத்திலும் இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

பறக்கவிடுமுன் யூலியா சிறகுகளுக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து விமானத்தைத் தூக்கினாள். நேராக நிற்க வேண்டியது, வால் தொபுக்கென்று கீழே போனது. பற்றரியை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். அப்போதும் வால் இறங்கியது. வாலில் பாரம் இருந்தால் ஏறும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்துவிடும் என்றாள். அவள் விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்து ஒட்டுநாடாவை உரித்தாள். அந்தோனியார் குழந்தை இயேசுவோடு அவள் உள்ளங்கையில் கிடந்தார்.

நான் இவரைப் பார்த்தேன். இதோ வருகிறது, இப்போது கைகள் எழும்பும் என்று காத்திருந்தேன்.

"ஏன் கொறற்றி," என்று என் பெயரைச் சொல்லி மட்டும் கேட்டார். கை பைக்குள்ளேயே இருந்தது. ஏச்சு வாங்காததற்கு இவ்வளவு கவலைப்பட்ட பெண்சாதி வுப்பர்டாலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

யூலியா சிரிக்கவில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு மூக்கு கொஞ்சம் பாரமாக இருப்பது நல்லது, விமானம் அடங்கிப் பறக்கும் என்று சொல்லி, மூக்கின் மூடியைத் திறந்து, பற்றரிக்குப் பக்கத்தில் அந்தோனியாரைப் படுக்கவைத்து ஒட்டினாள். மறுபடி இரண்டு விரல்களில் தூக்கினாள். மூக்கு ஒரு சொட்டுத்தான் குனிந்தது. திருப்தியாகத் தலையாட்டினாள்.

அவளே மேலே ஏற்றி, மோட்டரைப் பாதியில் வைத்து, இவரிடம் தந்தாள். றிமோட் இவருடைய கழுத்தில் பட்டியில் தொங்கியது. வலது கையால் மட்டும் ஓட்டினார். விமானம் எங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும் என்று அவள் சொல்லியிருந்தும் பிழையான பக்கம் தள்ளினார். அவள் வாங்கி நேராக்கித் திருப்பித் தந்தாள். அடுத்த முறை சரியாகத் திருப்பினார். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் விமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது.

"காஸ்," என்றாள் யூலியா. மோட்டரைக் கூட்டச் சொல்கிறாள்.

இவர் வலது கையைக் குறுக்கே நீட்டி இடது குச்சியைப் பிடிக்கப் பார்த்தார். வலது குச்சியை விட்டதும் சிறகு சரிந்தது. அவசரமாகத் திரும்பப் பிடித்தார்.

"காஸ், ஹெர் இன்னாசித்தம்பி," என்றாள் மறுபடியும், மரியாதை குறையாமல்.

அவள் பொத்தானை விடவில்லை. இன்னும் உயரம் இருக்கிறது, பொறுக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே.

"கையை வெளியிலை எடுங்கோ!" என்று கத்தினேன். "அந்தக் கையை எடுங்கோ!"

எடுத்தார். வெளியே வந்த கை குச்சியைத் தடவித் தேடியது. பெருவிரல் மெல்ல மெல்லத் தள்ளியது. மோட்டர் சத்தம் கூடியது. விமானம் மரங்களுக்கு மேலே நிமிர்ந்து ஏறியது.

இப்படி மெதுவாகத் தள்ளுவதுதான் சரி, எல்லோரும் அவசரப்பட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று யூலியா மெச்சினாள். அந்தக் கைக்கு வேறு விதமாகத் தள்ள முடியாது என்று நான் சொல்லப்போகவில்லை.

பற்றரி தீரும்வரை இரண்டு கைகளாலும் ஓட்டினார். இறக்கியது மட்டும் யூலியா. புல்லில் வழுக்கி நின்ற விமானத்தை ஓடிப்போய் எடுத்து வந்தேன். மூடியைத் திறந்து அந்தோனியாரைத் தொட்டு முத்தமிட்டேன்.

"பாத்தியளே, அந்தோனியார் என்ன மாதிரி ஓட்டினவர்!"

இவருடைய கண்கள் பெரிதாகின.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? அந்தோனியாரோ ஓட்டினவர்? நான் ஓட்டினனான்! நான்! அவர் மூக்குக்குள்ளை சும்மா படுத்துக் கிடந்தவர்!"

கைகள் எழும்பின. வலது கை தலைக்கு மேலே போனது. இடது கை தோள் வரைக்கும்தான் வந்தது. சண்டை என்று நினைத்து யூலியா ஓரடி பின்னால் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓம் ஓம், அந்தோனியார்தான் ஓட்டினவர்," என்றேன், அந்தக் கை இன்னும் கொஞ்சம் மேலே வரட்டும் என்று.