கிருமி இல்லாத தண்ணீர்

மானிட்டர் வீறிட்டது.

டாக்டரம்மா பாதி குடித்த டீயை வைத்துவிட்டு ஓடினாள். மேசைமேல் டாக்சிக்காரரின் நாய். விழுங்கிய ரப்பர் பந்தைக் காலையில்தான் வயிற்றிலிருந்து எடுத்திருந்தாள். ஆபரேஷன் கச்சிதம். இப்போது இதயம் நிமிடத்துக்கு இருநூறு அடித்தது. ரத்த அழுத்தமோ பாதாளத்தில்.

ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டாள். வெளுத்த இடம் மறுபடி சிவக்க ஐந்து விநாடி ஆனது. பாதங்கள் சில்லிட்டிருந்தன. ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். இதயம் படபடத்ததே தவிர, ரத்தத்தைத் தள்ள அதற்குத் தெம்பில்லை.

“முந்தாநாள் பூனை. நேத்து ஆடு. இன்னிக்கு இது. மூணும் ட்ரிப் ஏத்தின ஒரு மணி நேரத்துல” என்றாள்.

“என் கைராசிதான் காரணம்னு சொல்லிடு” என்றான் கம்பவுண்டர். அவளுடைய கூடப்பிறந்த தம்பி. “அப்பாவுக்கு ராத்திரி பூரா வாந்தி, பேதி. நான் கண்ணே மூடல. இதுல நீ வேற முறைக்கிறே.”

அவள் அவனை முறைக்கவில்லை. அவன் தலைக்கு மேலே தொங்கிய பாட்டிலைத்தான் பார்த்தாள். கம்பெனி பாட்டில்கள் வராமல் இரண்டு வாரம் ஆகிவிட்டது. ட்ரிப் தண்ணீரைத் தம்பியே தயாரித்தான்.

சட்டென்று குழாயைப் பிடுங்கினாள்.

“அக்கா! இருபது நிமிஷம் பிரஷர்ல வேக வெச்சது. அதுல ஒரு கிருமி உயிரோட இருந்தா மீசைய எடுத்துடறேன். கிருமி வளருதான்னு வெச்ச டெஸ்ட் தட்டை நீயே பாத்தியே, ஏதாவது முளைச்சுதா?”

முளைக்கவில்லை. ஆடு செத்த பிறகும் அந்தத் தட்டை நம்பித்தான் இன்றைக்கும் அவன் தயாரித்ததிலேயே இன்னொரு பாட்டிலை மாட்டச் சொன்னாள்.

“தண்ணிய என்னிக்குக் காய்ச்சி வடிச்சே?”

“போன வெள்ளிக்கிழமை. நடுவுல லீவு வந்துச்சுல்ல? கேன்ல மூடி வெச்சிருந்து செவ்வாய்க்கிழமை வேக வெச்சேன்.”

“நாலு நாளா?” நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டே கத்தினாள். “அதுக்குள்ள கேன்ல கோடிக்கணக்கா வளந்திருக்கும்டா! நீ வேக வெச்சதுல எல்லாம் செத்துடுச்சு, சரி. அதுங்க தோல்ல இருக்கிற விஷம் வெந்தாலும் போகாது. அது நரம்புல ஏறினா ரத்தக்குழாய் தொளதொளன்னு ஆயிடும், இதயம் ஓஞ்சுடும். நாம இதுங்களுக்கு ஏத்தினது கிருமியோட பிணத்த!”

மானிட்டரில் கோடு நேரானது. நெஞ்சை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். கோடு அசையவில்லை. கதவுக்கு வெளியே டாக்சிக்காரர் நாயின் வாரைக் கையில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் போகுமுன் அலமாரியைத் திறந்தாள். இன்னொரு உயிருக்கு அந்தத் தண்ணீர் போகக் கூடாது.

“மொத்தம் எத்தனை பாட்டில் போட்டே?”

“பத்து.”

அலமாரியில் ஆறு. பூனைக்கு, ஆட்டுக்கு, நாய்க்கு என்று மூன்று.

“ஒம்பதுக்குத்தான் கணக்கு இருக்கு. பத்தாவது எங்கடா?”

தம்பியின் முகம் நாயின் ஈறைவிட வெளுத்திருந்தது.

“காலைல அப்பாவுக்கு நாக்கெல்லாம் வறண்டு கிடந்துச்சுக்கா… ஏத்தி விட்டுட்டுத்தான் வேலைக்கு வந்தேன்.”