பனைக்குப் பிறந்த கால்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் என் தட்டைப் பாதத்தைக் காட்டப் போயிருந்தேன். எதிரே ஓர் இளைஞர். அவர் மடியில் கைக்குழந்தை. அதன் இரண்டு கால்களிலும் மாவுக்கட்டு. "பிறவிலேயே உள்ள மடங்கின காலு. எனக்க பூட்டன் காலத்துல, இது பனையேறக் கர்த்தரு தந்த காலுன்னு கொண்டாடுவாவளாம்" என்று சிரித்தார். கொண்டாடினார்களா? என் பாதத்தைக் காட்டாமலே வீடு திரும்பிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 1932, மாசி மாதம். பனைகளில் அக்கானி என்னும் பதநீர் சுரக்கத் தொடங்கிய—

வேண்டாம். பருவத்தை வர்ணிக்க உட்கார்ந்தால் பிள்ளை பிறக்காது.

இரண்டாவது: இனயம் ஊருக்கு வடக்கே ஒரு பனைவிளையில் செல்லபாய்க்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண். இரண்டு பாதங்களும் உள்பக்கம் திரும்பி, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. செல்லபாய் துணியை இழுத்து அவற்றை மூடினாள். அவள் புருஷன் நேசையன் பனையேறி. அவனுக்கோ தலைகால் புரியவில்லை.

"ஏட்டி, பாத்தியா! மரத்தக் கெட்டிப் பிடிக்கதுக்குன்னே செய்து விட்ட காலாக்கும்!"

(நேசையனை முட்டாள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பனையேறுகிறவர் கணுக்கால்களில் தளைநார் மாட்டிக்கொண்டு, இரு உள்ளங்கால்களாலும் மரத்தை அணைத்துத்தான் ஏறுகிறார். ஏறி ஏறி நேசையனுக்கே பாதம் உள்வாங்கியிருந்தது. தன் கால் வருஷக்கணக்காகக் கற்றதைப் பிள்ளை பிறக்கும்போதே கற்றுவந்துவிட்டான் என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு?)

3

குளிப்பாட்டும்போதெல்லாம் செல்லபாய் அந்தப் பாதத்தை மெல்ல நிமிர்த்திப் பார்த்தாள். வரவில்லை. ஒருநாள் புருஷன் பனையில் இருக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மிஷன் ஆசுபத்திரிக்கு நடந்துவிட்டாள்.

டாக்டர் முத்துநாயகம் பாதத்தை விரலால் தள்ளினார். "சில பிள்ளையளுக்குப் பிறக்கச்சில காலு கொஞ்சம் மடங்கி இருக்கும். இப்படித் தள்ளினா நேர வந்திரும். இது வரல்ல, பாத்தியா? எலும்பு இப்பம் நொங்குபோல இருக்கு. வாரம் வாரம் கொஞ்சங்கொஞ்சமாத் திருப்பிக் கட்டு மாத்தணும். விட்டுட்டா முத்திரும்."

கட்டுப் போட்ட பிள்ளையோடு அவள் வீட்டுக்கு வந்தாள். நேசையன் மாவுக்கட்டை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தளைநாரை எடுத்துக்கொண்டு பனைக்குப் போனான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

4

அந்த வாரம் முடியுமுன் ஒரு காலையில் அவள் அக்கானி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டது. ஓடினாள். நேசையன் பிள்ளையின் காலைத் தண்ணீர்ப் பானைக்குள் ஊறவைத்து, மாவுக்கட்டைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன செய்துட்டிய!"

"நல்ல காலுக்கு வெலங்கு மாட்டி விட்டிருக்கானுவ. கெடுக்கதுக்கு எனக்க பிள்ளதான் கெடச்சானா?"

அவள் பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இங்கே எனக்குச் செல்லபாய்மீது சந்தேகம். ஆசுபத்திரிக்குத் தனியாக நடந்தவள் மறுபடியும் ஏன் நடக்கவில்லை? "மறுநாளே அவள் பிள்ளையோடு—" என்று எழுதி அடித்தேன். பிறகு புரிந்தது. பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை என்று பக்கத்தில் ஒருவன் தினமும் சொன்னால், பெற்றவளுக்கு அதை நம்பத்தான் ஆசையாக இருக்கும். பாவி, அவளும் பாதி நம்பிவிட்டாள்.

5

அடுத்த தை மாதம் பிள்ளை தவழ்ந்து போய்ப் பனையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக எழுந்து நின்றது. நேசையன் ஓடிப்போய்த் தளைநாரைச் சின்னதாக முடிந்து பிள்ளையின் கால்களில் மாட்டினான்.

"ஏறு மக்கா, ஏறு!"

தானே ஒரு காலைப் பிடித்து மேலே எடுத்து வைத்தான். ஏறும்போது கணுக்கால் மடங்க வேண்டும். பெருவிரல் மேலே வர வேண்டும். மடங்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினான். பிள்ளை அலறியது. அப்போதுதான் குனிந்து பார்த்தான். பிள்ளை உள்ளங்காலில் நிற்கவே இல்லை. புறங்கால் தரையில் இருந்தது. உள்ளங்கால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேசையன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "ஏட்டி... இது ஏறாது" என்றான். "எனக்க கையாலே அந்தக் கட்டப் பிச்சுப் போட்டேனே."

செல்லபாய் அவனைத் திட்டவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தாள். "எழும்புங்க, போவோம்" என்றாள்.

6

முடிவு ஒன்று: காலம் கடந்துவிட்டது. பிள்ளை ஆயுசு முழுக்கப் புறங்காலில்— இதை எழுத எனக்குத் தெம்பில்லை.

முடிவு இரண்டு: நாளானாலும் கட்டு பலிக்கிறது. பையன் வளர்ந்து நேசையனைவிட உயரமான பனையில்— இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே எனக்குத் தெரிந்த இடம்வரை மட்டும். ஆசுபத்திரி மேசையில் பிள்ளை கிடக்கிறது. முத்துநாயகம் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, பெருவிரலால் அழுத்தித் தள்ளுகிறார். நேசையன் கைகட்டி நிற்கிறான். மேசைக்கு அந்தப் பக்கம் செல்லபாய். "அய்யா, வருதா? கொஞ்சமாவது வருதா?" என்று கேட்கிறான்.

டாக்டரை நான் பேசவிடவில்லை. நேசையன் இன்னும் கேட்டுக்கொண்டே நிற்கிறான். வாசிக்கிற நீங்கள் அவனுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் செல்லபாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.