வெட்டி எறிந்த பிளக்

மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோதே பிளாஸ்டிக் கருகும் வாடை மூக்கில் ஏறியது. பதினோரு வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற மூக்கு, ஏமாறாது. தோளில் இருந்த டூல்ஸ் பையை இறக்காமலே அத்தையின் அறைக்கு ஓடினேன்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகப் படுத்திருக்கும் என் மாமியார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சிரித்தார். ஜன்னலில் புத்தம்புது ஏசி உறுமிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் என் கணவர், பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றார்.

“எப்படி சர்ப்ரைஸ்?”

ஜன்னலுக்குக் கீழே இருந்த ஸ்விட்ச் பெட்டியில் புறங்கையை வைத்தேன். இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டது. ஹாலுக்கு ஓடி மெயினை அணைத்தேன்.

டேபிள் ஃபேனுக்காக வைத்த ஐந்து ஆம்ப்ஸ் பாயின்ட் அது. சுவருக்குள் ஓடுவது மெல்லிய ஒயர். ஒன்றரை டன் ஏசிக்குப் பதினைந்து ஆம்ப்ஸ் பாயின்ட்டும் மெயின் போர்டிலிருந்து தனி லைனும் வேண்டும். சின்ன பாயின்ட்டில் யாரும் செருகிவிடக் கூடாது என்றுதான் கம்பெனிக்காரன் தடித்த பிளக்கோடு அனுப்புகிறான். செருகியிருந்ததைப் பிடுங்கினேன். சின்ன பிளக், பாதி உருகியிருந்தது.

“இதோட வந்த பெரிய பிளக் எங்க?”

“அது நம்ம பாயின்ட்டுக்குள்ள போகல. வெட்டிட்டு சின்னது போட்டாச்சு. பொருந்திடுச்சுல்ல?”

“செருப்பு பத்தலன்னா காலை வெட்டுவீங்களா?”

“மாட்ட வந்தவர்தான்...”

“அவரு வெட்டிட்டுப் போயிடுவாரு. பக்கத்துல படுத்திருக்கறது யாரு? தீப்பிடிச்சா எழுந்து ஓடுவாங்களா?”

அத்தை போர்வையை விலக்கினார். “அந்த மனுஷனைச் சொல்லாதம்மா. ‘தனி லைன் இழுக்கணும், தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் இருக்காங்களா’ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. இவன்தான் ‘அப்படி யாரும் இல்ல, இதுலயே மாட்டுங்க’ன்னான்.”

“அம்மா, கொஞ்சம் சும்மா இரேன்.”

“ஆபரேஷன் கால்லடா. காதுல இல்ல.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “யாரும் இல்லையா?”

அவர் தரையைப் பார்த்தார். “பொண்டாட்டி எலக்ட்ரீஷியன்னு சொன்னா சிரிப்பாங்க. ஆபீஸ்லயே...”

“அதே ஆபீஸ்ல ஏணி மேல நின்னு ஃபேன் மாட்டினவளைத்தான கட்டிக்கிட்டீங்க? நல்லா ஓடற ஃபேனை ஓடலன்னு எட்டு மாசம் புகார் எழுதினது யாரு? அப்ப யாரும் சிரிக்கலையா?”

அத்தை போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். காய்கறித் தோலுக்கு நடுவே தடித்த பிளக் கிடந்தது. ஒயரோடு சேர்த்து வார்த்தது, வெட்டினால் வெட்டியதுதான். கழுவித் துடைத்து, அவருடைய ஆபீஸ் பையின் மேல் வைத்தேன்.

“லைன் இழுக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. உங்களுக்குத்தான் யாரையும் தெரியாதே.”

அந்த அறையின் ஃப்யூஸை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மெயினைப் போட்டேன். ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து அத்தைக்கு டேபிள் ஃபேன் வைத்தேன். பிறகு சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகவே சத்தம் வரத் தேய்த்தேன்.

அரைமணி நேரம் கழித்து அவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் எதிரில் நின்று எலக்ட்ரிகல் கடைக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

“ஏசிக்குத் தனி லைன் போடணும், சாமான் வேணும்.”

“ஆள் இருக்கா சார்? இல்ல, நான் அனுப்பட்டுமா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் குழாயை மூடினேன்.

“இருக்காங்க. என் பொண்டாட்டி எலக்ட்ரீஷியன். என்ன வேணும்னு அவங்களே சொல்லுவாங்க.” காது இரண்டும் சிவந்திருந்தன.

ஈரக்கையோடு போனை வாங்கினேன். “நாலு எம்எம் ஒயர் சிவப்பு, கறுப்பு, பச்சை மூணுலயும் பதினாலு மீட்டர். இருபது ஆம்ப்ஸ் எம்சிபி ஒண்ணு. பதினஞ்சு ஆம்ப்ஸ் பாயின்ட், பிளக்கோட.”

“அட, அக்கா, நீங்களா? சார் உங்க வீட்டுக்காரரா?”

“ஆமா. அவருக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒயரை இழுக்கச் சொன்னபோது இழுத்தார், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார். ஏசியைப் போட்டு அரைமணி நேரம் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் புதுப் பெட்டியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.

அவர் அறை வாசலிலேயே நின்றார். “நான் உள்ள வரலாமா?”

“இப்பவாவது கேக்கத் தோணுச்சே,” என்றேன். “ஏணியை மடக்கி வெச்சிட்டு வாங்க.”