ஊர்ப்பொதுக் கட்டைவிரல்

உத்திரமேரூரிலிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அந்த ஊரில் பொதுச்சொத்து என்று பார்த்தால் ஏரி ஒன்று, எல்லையம்மன் கோயில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, அப்புறம் சந்தியாவின் வலது கட்டைவிரல் ஒன்று. முதல் மூன்றைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. விரலைப் பற்றித்தான் ஊரே கவலைப்பட்டது.

கவலைப்படாமல் என்ன செய்யும்? சந்தியா ரேஷன் கடை விற்பனையாளர். காலையில் அவள் கட்டைவிரலை வைத்தால்தான் கடைக் கருவி கண் திறக்கும். அது திறந்தால்தான் நானூற்றுச் சொச்சம் கார்டுக்கு அரிசி, பருப்பு, பாமாயில். வேறு விரலை வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம்தான். ஆனால் ரேகை பதிய வந்த புண்ணியவானுக்கு அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரே விரலோடு முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஒரு விரலின் தோலைத்தான் சந்தியா உரித்துக்கொண்டிருந்தாள்.

வேண்டுமென்றா உரிப்பாள்? மேற்பார்வையாளர் ஸ்ரீகாந்த் போனில், "இந்த மாசம் பர்சண்டேஜ் எவ்ளோம்மா?" என்பார். விரல் வைத்து வாங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று அர்த்தம். இவள் பதில் சொல்லும்போதே இடது கை தானாகக் கிளம்பிப் போய், வலது கட்டைவிரலில் நீட்டிக்கொண்டிருக்கிற தோலைத் தேடும். கிடைத்தால் விடாது. இழுக்கிற நேரத்தில் ஒரு நிம்மதி. இழுத்த பிறகு எரிச்சல். ரத்தத்தைப் பார்த்ததும் அவமானம். இனிமேல் தொடமாட்டேன் என்று சாமி மேல் சத்தியம் செய்வாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கை அங்கேதான் இருக்கும்.

மூன்று வருஷமாக இதை முந்தானைக்குள் மறைத்துவந்தாள். போன மாசம் ஒரு திங்கட்கிழமை கருவி காட்டிக்கொடுத்துவிட்டது. 'கைரேகை பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.' முயன்றாள். துடைத்து வைத்தாள், தலைமுடியில் தேய்த்து வைத்தாள், ஊதி வைத்தாள். ம்ஹூம். ஜனங்கள் பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாலு நாள் இப்படியே போயிற்று. அதற்கப்புறம் ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது. ஊர் வாய்க்கு மூடி ஏது? ரேஷன் கடைப் பெண் தன் தோலைத் தானே தின்கிறாள் என்று பக்கத்து ஊர் வரைக்கும் சேதி போய்விட்டது.

பஞ்சாயத்து கூடியது. தலைவர் ஞானசுந்தரி. பேசுவது அவர் வீட்டுக்காரர் வசந்த்குமார். எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்தப் பதவிக்கு எங்கள் பக்கம் ரொம்ப மரியாதை.

"இந்த வெரலு சந்தியாவோடது இல்ல, ஊரோடது!" என்று அறிவித்தார் வசந்த்குமார். எல்லோரும் கைதட்டினார்கள். சந்தியாவும் தட்டியிருப்பாள், விரல் எரிந்தது.

அன்றிலிருந்து ஆளாளுக்கு வைத்தியம். வேப்பெண்ணெய் தடவு என்றார்கள், பசுநெய் தடவு என்றார்கள், மிளகாய்த்தூள் தடவச் சொன்ன மகராசியும் உண்டு. பஸ்ஸில், மாவு மில்லில், பள்ளிக்கூட வாசலில், எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "கைய எடு!" என்றார்கள். "இன்னாம்மா, வெரலு எப்டி கீது?" என்றுதான் நலம் விசாரித்தார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கையை எடு, கையை எடு என்று கேட்கக் கேட்க, கை அங்கேயே போனது. சுண்டுவிரலையும் ஆரம்பித்துவிட்டாள்.

பெண்கள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். கண் வலி என்றால் வெள்ளியில் கண், கால் வலி என்றால் வெள்ளியில் கால் செய்து வைப்பது வழக்கம்தானே? சந்தியாவின் கணவன் வினோத்தைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். கடையில் கண், கால், கை, வயிறு எல்லாம் இருந்தன. கட்டைவிரல் மட்டும் தனியாக இல்லை. சும்மா திரும்ப மனசில்லாமல் ஒரு முழுக் கையை வாங்கி, மற்ற நாலு விரலையும் மடக்கிவிட்டான். தகடு மெல்லிசு, நன்றாகவே மடங்கியது. அம்மன் பாதத்தில் வைத்த பிறகுதான் பார்த்தார்கள், ஆத்தாவுக்கே லைக் போட்டமாதிரி இருந்தது.

"பரவால்ல வுடுங்க, ஆத்தாவுக்குப் புரியும்" என்றார் பூசாரி முனியன்.

மேலிடமும் சும்மா இருக்கவில்லை. ஊழியர்களுக்கு மன அழுத்தம் போக்கும் பயிற்சி என்று காஞ்சிபுரத்துக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் வருகைப் பதிவு. எதை வைத்து? கட்டைவிரலைத்தான்! சந்தியாவின் விரலை எடுக்கவில்லை. அவள் உள்ளே போய் நாள் முழுக்க மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், தயிர்சாதப் பொட்டலம் சாப்பிட்டாள், குழுப் படத்தில் மூன்றாவது வரிசையில் நின்றாள். ஒரே வாரத்தில் மெமோ வந்தது, மன அழுத்தப் பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்று. கூடவே ஸ்ரீகாந்தின் போன்.

"அஞ்சாந்தேதி மெஷின் தொறக்கலன்னா வேற ஆளப் போட்டுருவேம்மா."

வினோத்துக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்தக் குடும்பம் நிற்பதே இவள் வேலையில்தான்.

உத்திரமேரூரில் டாக்டர் பெஞ்சமினிடம் போனாள். பெரிதாக ஏதாவது வியாதி பேர் சொன்னால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. வியாதிக்கு மரியாதை உண்டு, பழக்கத்துக்குத் திட்டுத்தான். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நெறைய பேருக்கு இருக்கும்மா. திட்டுனா போவாது" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்து, கட்டுப் போட்டு, காலையில் கருவியில் வைக்கிற நேரம் மட்டும் அவிழ்க்கச் சொன்னார். "கை எப்பெப்ப அங்க போவுதுன்னு எழுதி வையி. யாரு இருந்தாங்க, இன்னா நடந்துது, அவ்ளோதான். அந்த நேரத்துல கைக்கு வேற எதுனா வேல குடு."

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து நாள் எழுதினாள். படித்துப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டாள்.

ஐந்தாம் தேதி வந்தது. ஊரே கடை வாசலில். கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் கட்டைப் பிரித்தார்கள். சந்தியா விரலை வைத்தாள். 'வணக்கம் சந்தியா' என்றது கருவி. யாரோ சரவெடி கொளுத்தினார்கள். வசந்த்குமார் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, ஏதோ தன் விரல்தான் ஆறியதுபோல நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. ஆறாவதாக வந்தது அங்கம்மாள். ஏரிக்கரையோரம் இருக்கிற இருளர் வீடுகளிலிருந்து வருகிறவள், செங்கல் சூளையில் வேலை. கல் அடுக்கி அடுக்கிப் பத்து விரலும் வழுவழுவென்று ஆகிவிட்டன. விரலை வைத்தாள். 'பொருந்தவில்லை.' இது எட்டாவது மாசம்.

"எடுக்கலக்கா. சேவை மையத்துல போயி ரேகைய புதுப்பிச்சிக்கினு வா" என்றாள் சந்தியா.

"போனேம்மா. அங்கயும் வெரலத்தான் வெக்கச் சொல்றாங்க. அங்கயும் எடுக்கல."

சந்தியாவின் இடது கை கிளம்பிவிட்டது. "கைய எடு!" என்று வரிசை மொத்தமும் கத்தியது.

அங்கம்மாளுக்கு வந்ததே கோபம். "ஏம்மா, ஒன் வெரலு நாலு நாளு எடுக்கலன்னு ஊரே கூடிக்கினு ஆத்தாவுக்கு வெள்ளியில வெரலு செஞ்சி வெச்சீங்க. எனக்கு எட்டு மாசமா எடுக்கல. ஒரு மஞ்சத்துணி முடிஞ்சீங்களா எவனாவது?"

சந்தியா டிராயரை இழுத்துக் காலண்டர் தாளை எடுத்தாள். இப்போதுதான் படித்தாள். கை போனது பதினாலு தடவை. அதில் ஸ்ரீகாந்தின் போன் மூன்றே மூன்று. மிச்சமெல்லாம், ரேகை எடுக்காத யாரையாவது வெறும் பையோடு திருப்பி அனுப்பிய நேரம். அங்கம்மாளின் பேர் மட்டும் நாலு இடத்தில் இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டிராயரின் அடியில் ஒரு நோட்டு இருந்தது. ரேகை எடுக்காதவர்களுக்குப் பேர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கலாம் என்று மேலிடமே அனுப்பிய நோட்டு. அதில் ஒரு வரி ஏறினாலும் பர்சண்டேஜ் இறங்கிவிடும் என்று ஸ்ரீகாந்த் வாய்மொழியாகச் சொல்லிவைத்திருந்ததால், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் கிடந்தது. சந்தியா பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"இன்னாம்மா பண்ற?" என்று பதறினார் வசந்த்குமார். "ஒன்ன மாத்திட்டான்னா ஊரு இன்னா ஆவறது?"

"அங்கம்மாக்காவும் ஊருதான மாமா?"

வசந்த்குமாருக்கு அந்த மாதிரி ஒரு யோசனை அதுவரை வந்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பேரை எழுதி முடித்த சந்தியா, கைநாட்டு வாங்க மை டப்பாவைத் தேடினாள்.

"அது இன்னாத்துக்கு? பேனாவக் குடு" என்றாள் அங்கம்மாள். "ஒம்போதாவது வரைக்கும் படிச்சிக்கீறேன்."

"சொல்லவே இல்லியேக்கா?"

"நீங்க யாரு கேட்டீங்க?"

அழகான கையெழுத்து. எட்டு மாசத்துக்கப்புறம் அரிசி அவள் பையில் விழுந்தது. சேதி ஏரிக்கரைக்குப் போக எவ்வளவு நேரம்? மத்தியானத்துக்குள் பதினோரு பேர் எழுதியாயிற்று. ஒரே நாளில் பழக்கம் போய்விட்டது என்று சொன்னால் அது புளுகு. நடுவில் இரண்டு தடவை கை போனது. போனதை அவளே பார்த்தாள், ஒரு பிடி அரிசியை அள்ளிக் கொஞ்ச நேரம் இறுக்கிக்கொண்டாள், அப்புறம் அடுத்த பேரை எழுதினாள்.

போன் அடித்தது. வசந்த்குமார்தான் வத்தி வைத்திருக்க வேண்டும்.

"யாரக் கேட்டும்மா நோட்டுல எழுதுற?" என்று கத்தினார் ஸ்ரீகாந்த். "நாளைக்கே வேற ஆளப் போடறேன் பாரு!"

சந்தியாவுக்குப் பயம்தான். ஆனாலும் சொல்லிவிட்டாள். "போடுங்க சார். ஆனா வர்றவங்க கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, இந்த சேர்ல ஒக்காந்தா வெரலு இப்டித்தான் ஆவும்னு."

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. "எத்தினி பேரு எழுதுன?"

"பதினொண்ணு சார்."

"சரி, அதோட நிறுத்திக்க. மேல நான் பேசிக்கறேன்."

சந்தியா நிமிர்ந்தாள். எதிரே ஒரு பெண், கட்டைவிரலைப் புடவையில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டாவது ஆளு நின்னுக்கினு கீறாங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பேனாவை எடுத்தாள். "தேய்க்காதீங்கம்மா, வலிக்கப்போவுது. பேரு சொல்லுங்க."