பேராபத்துக்காரர்

செய்தி ஆசிரியருக்கு ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பேராபத்து. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் மனிதர் சேனலையே ஓட்டினார். தூறல் விழுந்தால் நகருக்குப் பேராபத்து. நடிகை தும்மினால் படப்பிடிப்புக்குப் பேராபத்து. திரைக்கு அடியில் ஓடும் வரிகளைத் தட்டச்சு செய்கிறவள் ஒருமுறை கேட்டே விட்டாள்.

“சார், வெங்காய விலைக்குமா பேராபத்து? உசுரு போற எடத்துல போடுற வார்த்தை சார் அது.”

“ஜனங்களைப் பயமுறுத்தத் தெரியலம்மா உனக்கு. அதான் இன்னும் டைப் அடிச்சிட்டிருக்க.”

அன்றிலிருந்து அவர் எதிரே வந்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி அறைக் கதவிடுக்கில் கரும்புகை கசிந்தது. கேமராக்காரர் ஓடிவந்தார். “சார், கதவுல கை வைக்க முடியல. எல்லாரையும் கீழ அனுப்பிடலாம்.”

சேனலும் கட்டடமும் ஒரே முதலாளியுடையவை. ஆசிரியர் மோந்து பார்த்துவிட்டு, “லேசா புகை, அவ்வளவுதான். நேரலைய நிறுத்தினா முதலாளி என்னைத் தொலைச்சுடுவாரு” என்றார்.

வெங்காயத்துக்கு வந்த வாய் இதற்கு வரவில்லை. தட்டச்சுக்காரி காறித் துப்பாத குறையாக எழுந்தாள். விறுவிறுவென்று ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, செய்தி வாசித்துக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எந்திரிக்கா, தீ! எல்லாரும் எறங்குங்க!”

மைக் வழியாக ஊரே அதைக் கேட்டது. அடித்துப்பிடித்து இறங்கினார்கள். எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் தெருவை மிதித்தவர் ஆசிரியர். கடைசி ஆள் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னல்கள் வெடித்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வேறு சேனல்காரர்கள் மைக்கோடு வந்ததும் ஆசிரியர் தலையைக் கோதிக்கொண்டார். “பேராபத்துன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷமே நான்தான் எல்லாரையும் வெளியேத்தினேன்.”

ஒரு நிருபர் தட்டச்சுக்காரி பக்கம் திரும்பினார். “அப்படியாம்மா?”

“நேரலைதானே போச்சு? பதிவைப் போட்டுக் கேளுங்க, யார் கத்துனதுன்னு தெரியும்.”

ஆசிரியர் மைக்குகளுக்கு நடுவிலிருந்து நழுவினார். ஆனாலும் முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. தனக்கு இப்படி ஓர் ஆள்தான் வேண்டும் என்று நினைத்திருப்பார். புதுக் கட்டடத்தில் இன்னும் பெரிய அறை கொடுத்தார். அதன்பின் வேலைக்கே வராத தட்டச்சுக்காரிக்கு ஆசிரியர் போன் போட்டு, “நடந்ததை மறந்துடுவோம், நாளைக்கு வந்துடும்மா” என்றார்.

“ஒங்க வாயில வர்ற எச்சிலை டைப் அடிக்க வேற ஆளைப் பாருங்க சார்” என்று வைத்துவிட்டாள்.