எர்லென்வைலர் கோயிலின் நடுப்பாதை

எர்லென்வைலர் கோயிலின் நடுப்பாதை ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வந்தது. வெளிச்சுவர்கள் நின்ற இடத்தில்தான் நின்றன. தரையோடு முடுக்கிய பெஞ்சுகள் அசைந்ததையும் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் பெரிய போருக்கு முன் இரண்டு பவனிகள் எதிரெதிரே உரசாமல் போன பாதையில், போர் முடிந்தபோது மணப்பெண்கள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் பீடம் வரை போனார்கள்.

கோயிலைக் கட்டியவர் எங்கள் ஊர்க்காரரான லம்பெர்ட் க்ரிங்ஸ். ஆற்றோர ஊர்களில் ஏழெட்டுக் கோயில்கள் கட்டியவருக்கு இந்த அகலமான பாதையில்தான் பெருமை அதிகம். எங்கள் பக்கம் கோயிலில் ஆண்கள் வலப்புறம், பெண்கள் இடப்புறம். கட்டியவருக்கும் அதே சட்டம்தான். கோயிலைத் திறந்துவைத்த அபிஷேகத்தன்று அவர் வலப்பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்தார், மனைவி வால்புர்கா எதிர் ஓரத்தில். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் சொன்னது ஊருக்கே கேட்டது.

"ஏங்க, நமக்கு நடுவுல இம்மாம் பெரிய ரோடு போட்டு வச்சிருக்கீங்களே, உங்களைப் பாக்கணும்னா குதிரை வண்டி பிடிக்கணும் போல."

எல்லாரும் சிரித்தார்கள். க்ரிங்ஸுக்குக் காது சிவந்துவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் வால்புர்காவின் கண் மங்கத் தொடங்கியது. பாதை குறுகத் தொடங்கியதும் அப்போதுதான். இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களுக்குப் பல வருஷம் பிடித்தது. வீட்டில் அவர் கையைப் பிடித்தே நடந்தவள், கோயிலில் மட்டும் இருட்டில் தனியாக உட்கார வேண்டியிருந்தது. பாட்டு நின்றதும் அவள் முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். அவர் மெல்ல இருமுவார். அதைக் கேட்டுத்தான் அவளுக்கு உயிர் வரும்.

பங்குத்தந்தை ஹில்கெர்ஸுக்கு வேறு கவலை. "இப்படியே போனா பொணப்பெட்டிய எப்படிய்யா உள்ள கொண்டுவர்றது? சன்னல் வழியாவா?" என்று க்ரிங்ஸைப் பிடித்துக்கொண்டார். ஆயர் இல்லத்திலிருந்தும் ஆள் வந்தது. பெஞ்சுகளைக் கழற்றி, பழைய வரைபடத்தின்படி பதிக்க வேண்டும் என்பது உத்தரவு. இல்லாவிட்டால் நகரத்தில் எழும்பப்போகும் பெரிய கோயில் வேலை அவர் கைக்கு வராது. அது அவருடைய வாழ்நாள் ஆசை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதன் கோபுரத்தை வரைந்துகொண்டிருந்த மனிதர்.

ஒரு சனிக்கிழமை ஸ்பானரோடு கோயிலுக்குப் போனார். வால்புர்கா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கையைப் பாதைக்கு நீட்டி, எதிர்ப் பெஞ்சு எட்டுகிறதா என்று துழாவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அவரும் கையை நீட்டினால்கூட ஒரு சாண் எட்டாது.

"யாரு?"

"நான்தான்."

"கையில என்ன, இரும்புச் சத்தம்?"

"வீட்டுச் சாவி."

"நம்ம வீட்டுச் சாவி எப்பங்க இவ்வளவு கனமாச்சு?"

அவர் ஸ்பானரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "பொறுத்துக்கோ," என்றார். "இன்னும் ஒரு சாண்தான்."

நகரத்துக் கோயிலை வேறொருவர் கட்டினார். நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார்கள்.

சில வருஷங்கள் கழித்து, அறுவடைப் பூசையன்று, அவள் விரல் அவர் விரலைத் தொட்டது. அதன்பின் பூசை முழுக்கக் கைகோத்தபடியே இருந்தார்கள். அவர் இருமுவதை விட்டுவிட்டார். நற்கருணை வாங்கப் போகிறவர்கள் சுவரோரமாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டோம்.

வால்புர்கா இறந்தபோது ஹில்கெர்ஸ் பயந்த நாள் வந்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். பாதை அகன்றது. வரைபடத்தில் இருந்த அகலம் முழுவதும் அகன்று, பெட்டி பீடத்தின் முன் இறங்கியதும் பழையபடி சேர்ந்துகொண்டது. பின்னால் வந்த க்ரிங்ஸ் வலப்பக்கம் போகவில்லை. இடப்பக்கம் திரும்பி, பெண்கள் நடுவே, வால்புர்காவின் இடத்தருகே வந்து நின்றார். ரொட்டிக்கடை அப்பொலோனியா பாவாடையை ஒதுக்கி நகர்ந்தாள்.

"உக்காருங்க. அவ எடந்தானே."

ஹில்கெர்ஸ் ஒருமுறை பார்த்துவிட்டுப் பூசையைத் தொடங்கினார். சாகும்வரை க்ரிங்ஸ் அங்கேதான் உட்கார்ந்தார். பாதை அதற்கு மேல் குறுகவில்லை. பிணப்பெட்டி வரும்போது மட்டும் விலகும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, பெஞ்சுகள் விலகும்போது இடிபடாமல், முன்கூட்டியே மெழுகுவர்த்தித் தண்டுகளை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்.