பென்சிலின் சீசாவில் ஒரு பெயர்

"பதினாலு டன்னும்மா. ஆனா ஆத்துல இறக்கினா வாத்து மாதிரி மிதக்கும்," என்றார் கியெம். காப்பித் தோட்டத்தில் துருப்பிடித்த சக்கரம் ஒன்றுதான் மிச்சம். டாங்கியின் மற்ற பாகங்களைப் பழைய இரும்புக்காரர்கள் எப்போதோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"டாங்கிக் கதையெல்லாம் கீழ இறங்கறப்ப கேட்டுக்கறேண்ணா. தூயெத் அண்ணன் எங்கன்னு காட்டுங்க," என்றாள் தோம். தூயெத்தின் தங்கை; வடக்கே நாம் திங் நகரத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்தவள். "அம்மா கண்ண மூடறதுக்குள்ள அவன வீட்டுக்குக் கொண்டுபோகணும்."

கியெம் பேச்சை வளர்த்ததே அதைத் தள்ளிப்போடத்தான். இருபத்தேழு வருடங்களுக்கு முன் அந்த டாங்கியை ஓட்டியவர் அவர். மேலே பீரங்கிக் கூண்டில் டாங்கியின் தளபதி தூயெத்தும், குண்டு நிரப்பும் டோவானும் இருந்தார்கள். மிதக்க வேண்டுமென்று கவசத்தை மெல்லிசாகச் செய்திருந்தார்கள். அமெரிக்கர்களின் ராக்கெட் தகரத்தைப் போல அதைத் துளைத்தது. கியெம் மட்டும் முன்மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தார். மறுநாள் இருவரையும் புதைத்தவரும் அவர்தான். படையின் வழக்கப்படி பெயரையும் ஊரையும் எழுதி, பென்சிலின் சீசாவில் அடைத்து, ஆளுக்கொன்று கூடவே வைத்தார். அன்று முதல் அவருக்கு நிம்மதி கிடையாது.

ஓடைக்கரையில் ஒரு மேடும், பக்கத்தில் ஒரு பழைய பள்ளமும் இருந்தன. தோம் மேட்டைத் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் சீசா கிடைத்தது. தாள் பழுத்திருந்தாலும் தூயெத் என்ற பெயர் தெரிந்தது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

எலும்பைத் தொடுமுன் அவன்தானா என்று அவனிடமே கேட்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. சாப்பாட்டுக் குச்சியை மண்ணில் நட்டு, அதன் தலையில் முட்டையை வைத்தாள். நின்றால் அவன்தான். முட்டை விழுந்து உடைந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் விழுந்தது.

"இது உங்க கையெழுத்துதானேண்ணா?"

"ஆமா."

"முகத்தப் பாத்துத்தானே வெச்சீங்க?"

பொய் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். கியெம் உடைந்து கிடந்த முட்டைகளைப் பார்த்தார்.

"பாக்கறதுக்கு முகம் இல்லம்மா. ரெண்டு பேரும் கரிக்கட்டை. குத்துமதிப்பாத்தான் வெச்சேன்."

தோம் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தாள். "அப்ப டோவான்?"

"நாலு வருஷம் முன்னாடி அவங்கப்பா வந்து எடுத்துட்டுப் போனாரு. நாந்தான் காட்டினேன். கல்லறை கட்டி, பேரு வெட்டி, சந்தோஷமா கடுதாசி போட்டாரு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் விரலில் ஒட்டிய மஞ்சள் கருவைப் புல்லில் துடைத்துவிட்டு, கூடையிலிருந்த கடைசி முட்டையை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க வைங்கண்ணா. யாரா இருந்தாலும் உங்கள அடையாளம் தெரியும்ல."

கியெம் மண்டியிட்டார். முட்டையைக் குச்சியின் நுனியில் வைத்தார். காற்றே இல்லை. தோம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் விரல்களை எடுக்கவில்லை.